கீதம் முடிந்துவிட்டது, இனி எங்கே? மலை ஊர்ப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

கோத்தகிரியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கர்நாடக சங்கீதம் கற்றுத்தரும் பாட்டு டீச்சர் வீடு. ஏழு வயதில் அங்கே போய் உட்கார்ந்த என் மகளுக்கு இப்போது பத்து முடிந்துவிட்டது. சரளி, ஜண்டை, மேல் ஸ்தாயி, தாட்டு, ஏழு தாள அலங்காரங்கள் என்ற ஆரம்பப் பயிற்சிகளும், அவற்றை அடுத்து வரும் எளிய பாட்டுகளான கீதங்களும் எல்லாம் ஆயிற்று. மார்ச் மாதக் கடைசி வகுப்பில் டீச்சர் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். "அடுத்தது ஸ்வரஜதி, வர்ணம். என்னிடமே தொடர்ந்தால் எனக்குச் சந்தோஷம். கோவையில் யாரிடமாவது சேர்ப்பதாக இருந்தாலும் சொல்லுங்கள், நானே பேசிவிடுகிறேன். வீட்டில் கலந்து ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்றார்.

இரண்டு மாதம் விசாரித்தோம். மேலே குன்னூர், ஊட்டி. கீழே மேட்டுப்பாளையம், கோவை. பாட்டோடு சம்பந்தப்பட்டவர்கள் என்று தெரிந்த எல்லோரையும் கேட்டோம். "நல்ல குரு கிடைப்பதுதான் முக்கியம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சரிதான். ஆனால் அந்த நல்ல குரு எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? மழையில் இணையம் அறுந்தால்? மூடுபனியில் மிருதங்கத் தோல் தளர்ந்தால் யார் வார் பிடிப்பது? மலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. அதனால் எங்களைப் போல யோசனையில் இருப்பவர்களுக்காக, நாங்கள் பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைக்கிறேன்.

எல்லா வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளந்தேன். இந்த வழியில் போனால் பிள்ளை வாரத்தில் எத்தனை நாள் வாய் திறந்து பாடும்? வகுப்பு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மற்ற நாட்களில் வீட்டில் பாடிப் பழகும் சாதகம்தான் படிப்பு. அந்த நாட்களைத் தின்றுவிடும் எந்த ஏற்பாடும், எவ்வளவு பெயர் பெற்றவரிடம் என்றாலும், இந்த வயதில் எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

முதலில் அடிப்படையைப் பாருங்கள்

நோட்டில் பாடம் முடிவது வேறு, தொண்டையில் முடிவது வேறு. டீச்சர் எனக்கு ஒரு சோதனை சொல்லித் தந்தார். பாட்டுத் தெரியாத பெற்றோரும் செய்யலாம். சுருதிப் பெட்டியைப் போட்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு ஜண்டை வரிசையைப் பாடச் சொல்ல வேண்டும். இரண்டு சுற்று ஆனதும் பெட்டியை மட்டும் நிறுத்திவிட்டு, பிள்ளையைத் தொடர்ந்து பாட விட வேண்டும். இன்னும் இரண்டு சுற்றுக்குப் பிறகு பெட்டியை மறுபடி போட்டால், பிள்ளை பிடித்திருக்கும் ஆதார ஸ்வரமான சட்ஜமும் பெட்டியின் சட்ஜமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று யார் காதுக்கும் தெரிந்துவிடும். ஐந்து கட்டைச் சுருதியில் தொடங்கிய என் மகள் முதல் தடவை நாலரைக்கு இறங்கியிருந்தாள். அடுப்படியில் நின்றிருந்த என் மாமியார், பாட்டே கற்காதவர், "என்னம்மா, எங்கேயோ இடிக்கிறதே" என்றார்.

இன்னொன்று தாளம். திரிபுட தாள அலங்காரத்தை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடட்டும். நீங்கள் கையை மட்டும் பாருங்கள். காலம் மாறும்போது ஸ்வரங்கள்தான் இரட்டிக்க வேண்டும். தொடையில் விழும் கை பழைய நிதானத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாம் காலத்தில் கையும் சேர்ந்து ஓடுகிறது என்றால் தாளம் இன்னும் உள்ளே இறங்கவில்லை.

இந்த இரண்டும் நிற்காமல் எந்தப் பெரியவரிடம் கொண்டுபோய் விட்டாலும், அவர் முதல் ஆறு மாதம் இதைத்தான் சரிசெய்வார். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த வரிசைகளை நானூறு, ஐந்நூறு வருடமாக எல்லாப் பாடகர்களும் கடந்துதான் வந்திருக்கிறார்கள். இதற்காக மலை இறங்க வேண்டிய அவசியம் இல்லை. நாங்கள் ஏப்ரலையும் மேயையும் இதற்கே விட்டோம். விசாரிப்பதும் அதே நேரத்தில் நடந்தது.

இங்கேயே, இதே டீச்சரிடம்

பக்கத்தில் இருப்பதாலேயே இந்த வழியைக் குறைவாக மதிக்கிறோம் என்று நினைக்கிறேன். டீச்சருக்கு என் மகளின் குரல் மூன்று வருடமாகத் தெரியும். ஜலதோஷம் பிடித்த வாரத்தில் மேல் ஸ்தாயியைத் தொடாமல் விடுவார். நடந்து போய் வருவதால் வாரத்துக்கு இரண்டு வகுப்பு வைத்துக்கொள்ள முடிகிறது. தவறு நேர்ந்தால் நான்காவது நாளே திருத்தம் கிடைக்கும். ஒரு வாரம் தவறாகவே பாடிப் பாடி அது உறைந்துபோவதற்கு இடம் இல்லை.

வர்ணம் என்பது கீதம் மாதிரி வாரத்துக்கு ஒன்றாக முடிகிற பாடம் அல்ல என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், பிறகு சரணம், அதைத் தொடர்ந்து சிட்டை ஸ்வரங்கள் என்று போகும். முழுவதையும் இரண்டு காலத்தில் பாட வேண்டும். கீதத்தில் இல்லாத, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இங்கே வந்துவிடும். ஒரு வர்ணம் நன்றாகப் படிய மூன்று, நான்கு மாதம் ஆனாலும் அது தாமதம் அல்ல. "போன வருடம் பத்துப் பாட்டு, இந்த வருடம் ஒன்றுதானா" என்று கேட்டு டீச்சரை அவசரப்படுத்துகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த அவசரம் பிள்ளையின் தொண்டையில்தான் போய் விடியும்.

இந்த வழியில் ஒரு கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்: எதுவரைக்கும் கற்றுத்தர முடியும்? எங்கள் டீச்சர் மறைக்காமல் சொன்னார். "வர்ணங்களும் கிருதிகளும் என்னால் முடியும். சொந்தக் கற்பனையில் பாடும் ராக ஆலாபனை, கல்பனா ஸ்வரம் என்று அவள் போகும்போது வேறு ஒருவர் வேண்டும். அதற்கு இன்னும் நான்கைந்து வருடம் இருக்கிறது." தன் எல்லையைத் தானே சொல்லும் ஆசிரியரிடம் பிள்ளையைத் தைரியமாக விடலாம். அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடிவிட்டது.

குறையும் உண்டு. சின்ன ஊரில் கீதத்தோடு பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். வர்ணத்துக்கு வரும்போது வகுப்பில் என் மகள் ஒருத்திதான். போட்டிக்கும் துணைக்கும் ஆள் இல்லை. கச்சேரி கேட்கும் வாய்ப்பும் குறைவு. இதற்கு வீட்டில்தான் வழி செய்ய வேண்டும்; ஆகாசவாணியில் காலை நேரத்துச் சங்கீதத்தைப் போட்டு வைக்கிறோம். இந்த மலையில் கேட்பதற்கு வேறு இசையும் இருக்கிறது என்பதை விட்டுவிடக் கூடாது. பேரகணியில் படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையின்போதும், கோத்தர் பழங்குடியினரின் கம்பட்டராயர் திருவிழாவில் குழலும் முரசும் கொம்பும் முழங்கும்போதும் அவளைக் கூட்டிப்போயிருக்கிறேன். கோத்தர் முரசைக் கேட்டுவிட்டு வந்த அன்று இரவு முழுக்க மேசையில் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்தத் தாளம் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காது திறந்திருந்தது, அது போதும்.

வாராவாரம் கீழே இறங்குவது

இதைத்தான் நாங்கள் மிகவும் விரும்பினோம். இதைத்தான் முதலில் செய்தும் பார்த்தோம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் 35 கிலோமீட்டருக்கு மேல். பதினொரு மணி வகுப்புக்குக் காலை ஏழு மணிக்குள் பஸ் ஏற வேண்டும். என் மகளுக்கு வளைவில் பஸ் திரும்பினாலே குமட்டும். முதல் சனிக்கிழமை மேட்டுப்பாளையம் வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். கையில் கீறிய எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே, கோவையில் நாங்கள் பேசி வைத்திருந்த பாட்டு ஆசிரியை அம்மாவின் வீட்டுப் படியேறினாள். குளிரிலிருந்து இறங்கிய உடம்புக்குக் கீழே வெயில் வேறு.

அந்த அம்மாவின் கற்பித்தலைக் குறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்ததும் முதல் கால் மணி நேரம் பாடவே விடவில்லை. வெந்நீர் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு மாயாமாளவகௌளையில் ச ரி மட்டும் பாடச் சொன்னார். ஒரே ரிஷபம், இருபது நிமிடம். சுத்த ரிஷபம் சட்ஜத்தோடு எவ்வளவு ஒட்டி நிற்க வேண்டும், பிள்ளைகள் அதை எப்படி மேலே தூக்கிவிடுகிறார்கள் என்று தானே இரண்டு விதமாகவும் பாடிக் காட்டினார். மூன்று வருடம் பாடிய ஸ்வரத்தை அன்றைக்குத்தான் என் மகள் கேட்டாள் என்று எனக்குத் தோன்றியது. வெளியே வந்ததும், "அம்மா, நான் இத்தனை நாள் அதைத் தள்ளித் தள்ளிப் பாடியிருக்கிறேன்" என்றாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் போனோம். வீட்டுக் காலண்டரில் அவள் சாதகம் செய்த நாட்களுக்கு நான் புள்ளி வைப்பது வழக்கம். கீழே போகாத வாரங்களில் ஐந்து, ஆறு புள்ளி. கீழே போன மூன்று வாரத்திலும் மூன்றைத் தாண்டவில்லை. சனிக்கிழமை முழுவதும் சாலையில் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே பத்து மணி. பிறகு பள்ளி வீட்டுப்பாடம். வெள்ளிக்கிழமை மாலையே நாளைய பஸ்ஸை நினைத்து முகம் வாடிவிடுகிறது. ஒரு மணி நேரப் பாடத்துக்காக இரண்டு, மூன்று நாள் சாதகத்தைக் கொடுக்கிறோம் என்று அந்தக் காலண்டர் சொன்னது.

அத்தோடு மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து குன்னூர்ச் சாலை மூடுவதும், வண்டிகளையெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதும், சில நாள் இரண்டு பக்கமும் நிற்பதும் நமக்குப் பழக்கம்தான். வகுப்பு அப்போது வாரக்கணக்கில் விட்டுப்போகும்.

ஆகவே பத்து, பதினொரு வயதில் வாராவாரம் கீழே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதினான்கு வயதுக்கு மேல், பிள்ளையே கேட்டு, வளைவுகள் ஒத்துக்கொள்கிற உடம்பாகவும் இருந்தால் கணக்கு வேறு. மேட்டுப்பாளையத்திலேயே ஆசிரியர் கிடைத்தாலும் வேறு. பழனி மலையில், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கித் திண்டுக்கல்லோ மதுரையோ போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாதம் ஒருமுறை போவது என்ற நடுவழி இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது பாடாந்தரம். ஒரே வர்ணத்துக்கு ஒவ்வொரு குரு பரம்பரையிலும் சங்கதிகள், அதாவது ஒரு வரியைப் பாடும் விதங்கள், கொஞ்சம் மாறும். இரண்டு இடத்தில் ஒரே வர்ணத்தைக் கற்றால் பிள்ளை குழம்பும். எது சரி என்று கேட்டு இரண்டு ஆசிரியர்களையும் சங்கடத்தில் வைக்கும். பாடம் ஓர் இடத்தில், மற்ற இடத்தில் குரலும் சுருதியும் மட்டும் என்று முன்னமே பேசிவிட வேண்டும். உள்ளூர் டீச்சரிடம் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. அவருக்குத் தெரியாமல் பிள்ளையைக் கூட்டிப்போவது மரியாதை இல்லை என்பது ஒருபுறம். இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிடும் என்பது இன்னொருபுறம்.

இணைய வழி வகுப்பு

சாலையே இல்லாத வழி. சென்னையில் இருக்கும் வித்துவானிடம்கூடக் கற்கலாம். உறவுக்காரப் பெண் ஒருத்தி குன்னூரில் இப்படித்தான் இரண்டு வருடமாகப் படிக்கிறாள், நன்றாகப் பாடுகிறாள். அவள் வகுப்பில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒலி போய்ச் சேர ஒரு கணம் தாமதமாவதால் குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாட முடிவதில்லை. குரு பாடி நிறுத்த வேண்டும், பிறகு இவள் பாட வேண்டும். அவர் போடும் தாளமும் இவள் போடும் தாளமும் திரையில் ஒன்றாக விழாது. நம் சங்கீதத்தில் பாதி, குருவின் குரலுக்குள் தன் குரலை வைத்துப் பாடிப் பழகுவதில்தான் வருகிறது. ஆரம்ப நிலையைத் தாண்டிய பத்து வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் தேவை.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. இந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மின்விசிறிச் சத்தம் மாதிரி மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். தம்புராவும் மாறாமல் ஒலிப்பதுதானே? எனவே குருவுக்குச் சுருதியே கேட்காது. ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையும் நடுவில் அறுந்துபோகும். ஜூம் செயலியில் "ஒரிஜினல் சவுண்ட்" என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அந்தப் பெண் வீட்டில் ஒரு வருடம் கழித்துத்தான் இது தெரிந்ததாம்.

நவம்பர் மழையில் தகரக் கூரைக்குக் கீழே இணைய வகுப்பு நடத்த முடியாது என்பதை மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரமும் அப்போதுதான் போகும். மொத்தத்தில், தொடர்ந்து கற்ற பழைய குரு வேறு ஊருக்குப் போய்விட்டாலோ, பிள்ளை கிருதிகளுக்கு வந்துவிட்டாலோ இது நல்ல வழி. பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருக்கும்போது வர்ணத்தை இதில் தொடங்குவதை நான் விரும்பவில்லை. உள்ளூரில் யாருமே இல்லாத கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் வழி. அப்படியானால் வகுப்பின்போது பெற்றோர் ஒருவர் தாளம் போடக் கற்றுக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும்.

வாத்தியத்துக்கு மாறுவது, அல்லது சேர்ப்பது

மூன்று வருடம் வாய்ப்பாட்டு கற்ற பிள்ளைக்கு வாத்தியம் சீக்கிரம் பிடிபடும், ஸ்வரம் ஏற்கெனவே காதில் இருப்பதால். ஆனால் பாட்டை விட்டுவிட்டு வாத்தியத்துக்குப் போவதற்கும், பாட்டோடு சேர்ப்பதற்கும் நேரக் கணக்கில் பெரிய வித்தியாசம் உண்டு. பள்ளி போய் வந்த பிறகு அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டும் பாதியாகும்.

பையன்களுக்கு இந்தக் கேள்வி தானாகவே வந்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் மாறி மகரக்கட்டு உடையும்போது, ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்த பையன் மெல்ல ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறங்குகிறான். நடுவில் சில மாதம் எந்தச் சுருதியிலும் நிற்காது. அந்த நேரத்தில் கட்டாயப்படுத்திப் பாட வைத்து, "குரல் போய்விட்டது" என்று பையனே நம்பிச் சங்கீதத்தையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பையனைப் பெற்றவர்கள் பதினொரு வயதிலேயே ஒரு வாத்தியத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. குரல் ஓய்வெடுக்கும் மாதங்களில் ஸ்வரமும் தாளமும் கையில் இருக்கும்.

வயலின் வாங்கினால் கால், அரை, முக்கால், முழு என்று அளவு இருப்பதை மறக்கக் கூடாது. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டச் சொல்லி அளந்து வாங்க வேண்டும். "வளர்ந்துவிடுவாள்" என்று சட்டை வாங்குவது மாதிரிப் பெரியதை வாங்கினால் தோளும் மணிக்கட்டும் தவறான நிலையில் பழகிவிடும். மலை ஈரத்தில் பிருடைகள் உப்பி இறுகிக்கொள்ளும். சுருதி சேர்க்கத் திருப்பினால் அசையாது. பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். குளிருக்கு மூட்டும் கரியடுப்புக்கோ அறை ஹீட்டருக்கோ பக்கத்தில் வாத்தியத்தை வைத்தால் மரம் வெடித்துவிடும்.

மிருதங்கம் தாளம் நன்றாக நிற்கும் பிள்ளைக்கு அருமையான வழி. தோல் வாத்தியத்துக்கு மூடுபனிதான் எதிரி. வலப்பக்கத் தோலான வலந்தலை ஈரத்தை இழுத்துச் சுருதி இறங்கிவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தோல் மாற்றுவதென்றால் மிருதங்கத்தைப் போர்வையில் சுற்றிக் கோவைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். வீணைக்கு ஆசைப்படுகிறவர்கள், அதைப் பழுது பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகே வாங்குவது உத்தமம்.

கீபோர்டைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடக சங்கீதத்தில் தொடரப் போகும் பிள்ளைக்கு அதை அடுத்த படியாக நினைக்க வேண்டாம். அதில் ஸ்வரங்கள் தனித்தனிக் கட்டைகளில் நிற்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. வர்ணத்தில் கமகம் தொடங்குகிற நேரத்தில் காது அந்த அசையாத ஸ்வரங்களுக்குப் பழகினால் நஷ்டம்.

மேற்கத்திய இசையும் கிரேடுத் தேர்வுகளும்

கீபோர்டு, பியானோ உண்மையில் பொருந்துகிற இடம் இது. இந்த விஷயத்தில் நம் மலைகளுக்கு ஒரு வசதி உண்டு. 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, 1901இல் தொடங்கிய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி, 1831 முதல் வழிபாடு நடக்கும் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயம் என்று பியானோவும் பாடகர் குழுவும் இங்கே தலைமுறைகளாக இருந்துவருகின்றன. இந்த அளவுள்ள ஊர்களில் கர்நாடக வயலினுக்கு ஆள் தேடுவதைவிடப் பியானோவுக்கு ஆள் கிடைப்பது சில சமயம் எளிது.

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டும் லண்டனைச் சேர்ந்த தேர்வு அமைப்புகள். இரண்டிலும் எட்டு கிரேடு. டிரினிட்டியில் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் 150க்கு 100 தேர்ச்சி, 130 டிஸ்டிங்ஷன். பெற்றோர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாவது கிரேடுக்குப் போக வேண்டுமானால் பொதுவாக ஐந்தாவது கிரேடு எழுத்துத் தேர்வை முதலில் முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. வாசிப்பதை வீடியோவாகப் பதிவுசெய்து அனுப்பி எழுதும் வகைத் தேர்வும் இரண்டிலும் இருப்பதால் மலை இறங்கத் தேவை இல்லை.

படிப்படியாகப் பாடத்திட்டம், வருடத்துக்கு ஒரு இலக்கு, கையில் சான்றிதழ்: இலக்கு இருந்தால்தான் உழைக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாக ஒத்துவரும். ஆனால் மூன்று துண்டுகளை வருடம் முழுக்க வாசித்துத் தேர்வு எழுதிவிட்டு, அவற்றைத் தவிர வேறு எதையும் வாசிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளும் உண்டு. தேர்வுக்கு வெளியே என்ன கற்றுத்தருவீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். கீதம் வரை வந்த பிள்ளை இந்தப் பக்கம் திரும்பினால், ஐந்து கோட்டு இசைக்குறியீட்டை முதலிலிருந்து கற்க வேண்டும். காதும் தாளமும் கூடவே வரும், மற்றதெல்லாம் புதிது. பிள்ளை வீட்டில் முணுமுணுப்பது எதை என்று ஒரு வாரம் கவனித்தால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சேர்ந்து பாடுவதும் சான்றிதழ்களும்

கூட்டாகப் பாடுவதை நான் தனி வழியாகச் சொல்லவில்லை, எந்த வழியோடும் சேர்க்க வேண்டியதாகச் சொல்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவோ, கோயிலில் திருப்புகழ் பாடும் குழுவோ, எதுவானாலும் சரி. அருணகிரிநாதரின் சந்தங்கள் ஒவ்வொன்றும் ஒரு தாளப் பாடம். நாக்கும் மூச்சும் கையும் ஒரே நேரத்தில் பழகும். பழனியாண்டவர் மேல் பாடிய திருப்புகழ்கள் நிறைய இருப்பதால், பழனி மலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சொந்த ஊர்ப் பாட்டுமாகும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை சேரலாம். உங்கள் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள்.

அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு உண்டு. அது பின்னால் பார்த்துக்கொள்ளலாம். கோவை அரசு இசைக் கல்லூரி பள்ளிப் படிப்புக்குப் பிறகு வரும் கேள்வி. இப்போதே நினைவில் வைக்க வேண்டியது, மத்திய அரசின் சிசிஆர்டி நிறுவனம் 10 முதல் 14 வயதுக்குள் தரும் கலைத்திறன் உதவித்தொகை. வருடத்துக்கு 3,600 ரூபாய், அதோடு வகுப்புக் கட்டணமும் ஓரளவு திரும்பக் கிடைக்கும் என்ற வகையில் அது இருந்துவருகிறது. வயது வரம்பு தாண்டிய பிறகு தெரிந்து வருந்துகிறவர்கள் பலர்.

நிறுத்திவிடுவதும் ஒரு வழிதான். பிள்ளை உண்மையாகவே சலித்துப்போயிருந்தால் ஒரு பருவம் வகுப்பை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் சலிப்பு சங்கீதத்தின் மேலா, வகுப்பு வைத்த நேரத்தின் மேலா என்று முதலில் பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு, குளிரில், பசியோடு இருக்கும் பிள்ளை எதைக் கண்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

நாங்கள் செய்தது

ஜூனிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் இங்கே டீச்சரிடம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மட்டும் கோவை. அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "பாடம் அவரே நடத்தட்டும், நான் குரலைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒத்துக்கொண்டார். டீச்சரும் அவரும் போனில் பேசிக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாதகம் இல்லை என்று நாங்களே விதித்துக்கொண்டோம். வயலினை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தோம். அவள் இன்னும் கேட்கிறாள், கேட்டுக்கொண்டே இருந்தால் வாங்கித்தர வேண்டியதுதான். காலண்டரில் ஆகஸ்டு மாதம் இருபத்து மூன்று புள்ளிகள் இருந்தன.

மோகன ராக வர்ணத்தில் இப்போது முக்தாயி ஸ்வரம் இரண்டாம் காலம் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று மாலை பாடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்ச் சுருதிப் பெட்டி நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. மெழுகுவத்தி எடுக்க எழுந்த நானும் அப்படியே நின்று கேட்டேன். ஐந்து நிமிடம் கழித்து விளக்கு எரிந்தது, பெட்டியும் கூடவே ஒலிக்கத் தொடங்கியது. அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் தலை நிமிரவே இல்லை.